கச்சேரி முடிந்த மறுநாளே அதன் பதிவை விற்பது எப்படி?

கேள்வி கேட்டவர் கோயம்புத்தூரில் ஒரு சிறிய பேண்டில் கிடார் வாசிப்பவர். அவர் எழுதியதன் சுருக்கம் இது: "ஃபிஷ், மெட்டாலிகா, பேர்ல் ஜாம் மாதிரியான குழுக்கள் ஒவ்வொரு கச்சேரியையும் ஓரிரு நாளில் டவுன்லோடாக விற்கிறார்கள். மிக்ஸரிலிருந்து வருவதை அப்படியே ரெக்கார்ட் பண்ணிப் போட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதானே? அப்படியானால் எல்லாரும் ஏன் இதைச் செய்வதில்லை? நாங்கள் செய்யலாமா?" பார்வைக்கு மூன்று கேள்விகள். ஆனால் மற்ற இரண்டும் அந்த "அவ்வளவுதானே" மேல்தான் நிற்கின்றன. சீக்கிரம் வருகிறது என்றால் அதில் வேலை குறைவாக இருக்கும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அதை முதலில் பேசிவிட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

நான் பல ஆண்டுகளாக மேடை ஒலி அமைப்பில் இருப்பவன். பெரும்பகுதி ஹாலுக்கான கன்சோலில், அதாவது பெரிய மிக்ஸரில், பிறகு நேரடிக் கச்சேரி ரெக்கார்டிங்கில். ஆகவே ஒலியைப் பற்றிச் சொல்வதைக் கையால் செய்து பார்த்துச் சொல்கிறேன். உரிமை, ஒப்பந்தம் பற்றிச் சொல்வது, வேலையின் பொருட்டுச் சட்டப் பிரிவுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. உங்கள் விஷயத்தில் காசு கைமாறும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

மறுநாள் விற்பனைக்கு வரும் பதிவின் வேலை மறுநாள் நடப்பதில்லை. அதில் பெரும்பகுதி சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரிக்கு முன்பே முடிந்திருக்கும். அதிலும் கடினமான பாதி ஒலி சம்பந்தப்பட்டதே இல்லை.

ஒலியிலிருந்து தொடங்குகிறேன். ஹாலில் இருக்கும் கன்சோலின் இரண்டு சேனல் அவுட்புட்டை ஒரு ரெக்கார்டரில் செருகினால் கச்சேரி கிடைத்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கிடைக்காது. அந்த மிக்ஸ், அந்த ஹாலில் எது போதாமல் இருக்கிறதோ அதை நிரப்புவதற்காகப் போடப்பட்டது. 300 பேர் உட்காரும் அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் சத்தம் எந்த மைக்கும் இல்லாமலே கடைசி வரிசை வரை போகும். கிடார் ஆம்ப் மேடையிலிருந்தே பாதி ஹாலை நிறைத்துவிடும். அதனால் நான் ஸ்பீக்கருக்கு அனுப்புவதில் குரல் நிறைய இருக்கும், கீபோர்டு ஓரளவு இருக்கும், ஸ்னேர் (டிரம்ஸில் பளிச்சென்று கேட்கும் சிறிய டிரம்) கொஞ்சம், உங்கள் கிடார் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. ஹாலில் உட்கார்ந்தவருக்கு எல்லாம் சரியான அளவில் கேட்கும். அதே அவுட்புட்டை வீட்டில் ஹெட்போனில் போட்டால் பாடகர் காதுக்குள் கத்துவார், கிடார் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்கும். அரங்கமே எதிரொலி கொடுப்பதால் நான் ரிவெர்பும் (செயற்கை எதிரொலி) குறைவாகத்தான் போட்டிருப்பேன். ஆகவே பதிவில் எல்லாம் உலர்ந்து நிற்கும். இன்னொன்றும் உண்டு. ஆட்கள் நிறைந்த ஹால் சவுண்ட் செக்கில் இருந்த காலி ஹால் மாதிரி ஒலிக்காது. அதனால் முதல் இரண்டு பாட்டுக்குள் நான் ஃபேடர்களை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடிகள்) நகர்த்திக்கொண்டே இருப்பேன். ஹாலில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், பதிவில் அது அப்பட்டமாகத் தெரியும்.

பெரிய ஸ்டேடியத்தில் நிலைமை வேறு. அங்கே மேடையிலிருந்து நேரடியாக எதுவும் போய்ச் சேராது, எல்லாமே ஸ்பீக்கர் வழியாகத்தான். ஆகவே அங்கே கன்சோல் அவுட்புட் ஒரு முழு மிக்ஸுக்குக் கிட்டத்தில் இருக்கும். இசைக்கலைஞர்கள் தங்கள் வாசிப்பைக் கேட்கத் தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை விட்டுக் காதில் செருகும் இயர் மானிட்டருக்கு மாறியதும், ஆம்புக்குப் பதில் அதன் ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் மாடலர் வந்ததும் மேடைச் சத்தத்தைக் குறைத்து இதை இன்னும் எளிதாக்கின. என்றாலும் விற்பனைக்குத் தகுந்த பதிவு வேண்டுமென்றால் பதிவுக்கென்று தனி மிக்ஸ் வேண்டும்.

இது புது யோசனை இல்லை. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பதிவாளர் பெட்டி கேண்டர்-ஜாக்சன் 1970களிலேயே மேடை மைக்குகளின் சிக்னலைத் தனியாகப் பிரித்து எடுத்து, ஹால் மிக்ஸை நம்பாமல், தானே இரண்டு டிராக்குக்கு (ஒலித்தடம்) மிக்ஸ் செய்து டேப்பில் பதித்தார். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் நடந்த கச்சேரி அப்படிப் பதிவானதுதான். 1986-ல் வாடகை கட்டாத கிடங்கிலிருந்து அவருடைய டேப்புகள் ஏலத்துக்குப் போய், ரசிகர்கள் கைக்கு வந்து, பிரதி மேல் பிரதியாகப் பரவின. அந்தக் கார்னெல் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011-க்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அதிகாரபூர்வமாக அது விற்பனைக்கு வந்ததோ 2017-ல், அதாவது 40 ஆண்டுகள் கழித்து. ஒரே இரவில், பின்னால் திருத்த வழியில்லாத இரண்டு டிராக் மிக்ஸ் எவ்வளவு நன்றாக வர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது. பதிவுக்கென்று ஒரு காது தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது என்பதுதான் அதன் காரணம்.

இன்றைக்கு அதே வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மேடையில் ஒவ்வொரு மைக்கும் ஒரு ஸ்டேஜ் பாக்ஸுக்குப் போகிறது. அங்கிருந்து சிக்னல் மூன்றாகப் பிரியும்: ஹால் கன்சோலுக்கு ஒன்று, மானிட்டர் கன்சோலுக்கு ஒன்று, ரெக்கார்டிங்குக்கு ஒன்று. டிஜிட்டல் கன்சோல் வந்தபின் இதற்குத் தடிமனான கேபிள் கூடத் தேவையில்லை. மேடி என்ற டிஜிட்டல் இணைப்பின் ஒரே கேபிளில் 48 கிலோஹெர்ட்ஸில் 64 சேனல் போகும். 24 பிட்டில் 64 சேனலை மூன்று மணி நேரம் பதித்தால் சுமார் 100 ஜிகாபைட் வரும். இன்றைய ஹார்ட் டிஸ்குக்கு அது பெரிய விஷயமே இல்லை. பல குழுக்கள் விற்பனை நோக்கமே இல்லாமல் தினமும் இப்படிப் பதிக்கிறார்கள். நேற்றைய கச்சேரியை இன்றைய ஹாலில் ஓடவிட்டு, வாசிப்பவர்கள் வருவதற்கு முன்பே சவுண்ட் செக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஆக, பாதி உலகம் ஏற்கெனவே ரெக்கார்ட் செய்துகொண்டுதான் இருக்கிறது. விற்பவர்கள் அதற்கு மேல் சில காரியங்களைச் சேர்க்கிறார்கள்.

அதில் முதலாவது ரசிகர் மைக். இது இல்லாத கச்சேரிப் பதிவு ஒத்திகைப் பதிவு மாதிரி இருக்கும். கைதட்டல் வர வேண்டிய இடத்தில் ஒரு வெறுமை இருக்கும். மேடை விளிம்பில் இரண்டு மைக்கைக் கூட்டத்தைப் பார்த்து வைப்பார்கள், ஹாலின் நடுவில் கன்சோல் பக்கத்தில் இன்னும் இரண்டு. நடுவில் வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்கு ஸ்னேர் அடி கிட்டத்தட்ட 87 மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச் சேரும். அதை அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்கும். ஆகவே அந்த டிராக்கை அத்தனை மில்லிசெகண்ட் முன்னால் இழுத்து மேடை மைக்கோடு பொருத்த வேண்டும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது ஒவ்வொரு ஹாலிலும் மாறும். சவுண்ட் செக் நேரத்தில் ஸ்னேரை ஒருமுறை தனியாக அடிக்கச் சொல்லி இரண்டு டிராக்கிலும் அந்த முனையைப் பார்த்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. கச்சேரி முடிந்தபின் உட்கார்ந்து தேடினால் இரவு போய்விடும்.

இரண்டாவது, தயாராக வைத்திருக்கும் மிக்ஸ். சுற்றுப்பயணத்துக்கு முன் ஒத்திகையிலேயே பதிவுக்கான மிக்ஸ் போட்டு வைத்திருப்பார்கள். எந்த மைக், எந்த சேனல், எவ்வளவு கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), எந்தப் பாட்டில் எந்த கிடார் முன்னால் வர வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். கச்சேரி நடக்கும்போதே ஒருவர் மேடைக்குப் பின்னால் ஓர் அறையிலோ வண்டியிலோ உட்கார்ந்து அதை ஓட்டுவார். அல்லது முடிந்தபின் பல டிராக்குகளை அதே டெம்ப்ளேட்டில் இறக்கி இரவோடு இரவாகச் சரிபார்ப்பார். ஹாலின் இரைச்சல் காதில் விழாத இடம் வேண்டும் என்பது முக்கியம். ஹாலிலேயே உட்கார்ந்து பதிவுக்கு மிக்ஸ் போட முயல்பவர் ஸ்பீக்கரைக் கேட்டு முடிவெடுப்பார், ஹெட்போனைக் கேட்டு அல்ல.

மூன்றாவது, இரட்டைப் பதிவு. ஒரு ரெக்கார்டர் நின்றுவிட்டால் அந்த இரவு திரும்பி வராது. இரண்டு ரெக்கார்டர், இரண்டு தனித்தனி மின்சாரப் பாதை. இதை ஆடம்பரம் என்று நினைக்கும் அமைப்பாளர்களை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு நாளைக்குத் தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இது ஆடம்பரம் இல்லை.

கச்சேரி முடிந்தபின் மிஞ்சுவது பாட்டுப் பாட்டாக வெட்டுவது, இடைவேளையில் மெதுவாக மங்க வைப்பது, ஒட்டுமொத்த அளவைச் சரிசெய்வது, பெயர் போடுவது, ஏற்றுவது. வெட்டுவதில் பழைய ஆட்கள் மிகக் கறாராக இருந்தார்கள். காரணம் உண்டு. சிடி ஒரு நொடியை 75 பகுதிகளாகப் பிரித்து வைக்கிறது, ஒவ்வொன்றிலும் 588 சாம்பிள். வெட்டு அந்த எல்லையில் விழாவிட்டால், வாங்கியவர் சிடியில் எழுதும்போது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் "டக்" என்று ஒரு சத்தம் வரும். ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததற்குள் புகும் குழுக்களுக்கு அது கொலை. எம்.பி.3 வேறு விதத்தில் இதையே செய்யும்: முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஒலித் தரம் குறையாமல் சுருக்கும், இழப்பில்லாத ஃபிளாக் கோப்பில் இந்த மௌனத் தொல்லை இல்லை. கூடுதல் காசு கொடுத்து அதை வாங்க ஒரு நல்ல காரணம் இது.

இனி இது எப்படி வியாபாரமானது என்று பார்ப்போம், ஏனென்றால் "எல்லாரும் ஏன் செய்வதில்லை" என்பதற்குப் பதில் அங்கேதான் தொடங்குகிறது. கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் தாங்களே மைக் கொண்டுவந்து பதித்தார்கள், குழுவும் அதைத் தடுக்கவில்லை. மைக் ஸ்டாண்டுகள் பெருகி, கன்சோலில் நிற்பவருக்கே மேடை மறைய ஆரம்பித்தபோது, 1984 அக்டோபரில் அவர்களுக்கென்று கன்சோலுக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கினார்கள். பிரதி எடுத்துக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. இந்த ஒரு விதிதான் அத்தனைக்கும் வேர். அங்கே பழகிய கூட்டம், ஒரு குழுவின் ஒவ்வோர் இரவையும் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடக் கற்றுக்கொண்டது.

2000-ல் பேர்ல் ஜாம் இதைச் சிடியில் செய்தது. திருட்டுப் பதிவுகளை ரசிகர்கள் அநியாய விலைக்கு வாங்குகிறார்கள், தரமும் மோசம் என்று பார்த்து, அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் 72 கச்சேரிகளைத் தாங்களே வெளியிட்டார்கள். நெரிசலில் ஒன்பது பேர் இறந்த, டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவின் கச்சேரியை மட்டும் வெளியிடவில்லை. அந்த வரிசையில் ஐந்து ஆல்பங்கள் ஒரே வாரத்தில் அமெரிக்க ஆல்பங்களுக்கான பில்போர்டு 200 பட்டியலில் நுழைந்தன. 2005-ல் டவுன்லோடுக்கு மாறினார்கள். ஃபிஷ் குழு, இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2002 டிசம்பர் 31 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மேடையேறியபோது, தங்கள் டவுன்லோட் தளத்தையும் அதோடு தொடங்கியது. நக்ஸ் என்ற ரசிகர் தளத்தைத் தொடங்கிய பிராட் சர்லிங் அதன் பின்னணியில் இருந்தார். இன்று அந்த நக்ஸ் பல குழுக்களின் கச்சேரிப் பதிவுகளை விற்கும், சந்தாவுக்கு ஒலிபரப்பும் நிறுவனம். ஒரு கச்சேரி எம்.பி.3-யில் 10 டாலரை ஒட்டி, இழப்பில்லாத கோப்பு அதைவிடச் சற்றுக் கூடுதலாக என்று அன்று விலை வைத்தார்கள். ரசிகர்கள் பாட்டுக் கோப்புகளைப் பரிமாறிக்கொண்ட நாப்ஸ்டர் மீது 2000-ல் வழக்குத் தொடுத்த மெட்டாலிகா 2004-ல் இதே வழிக்கு வந்தது. கோப்பு பரிமாற்றத்தை எதிர்த்தவர்கள் கோப்பை விற்கத் தொடங்கியதில் முரண் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் கச்சேரியை ரசிகர்கள் பதித்துக்கொள்ள அவர்கள் முன்பே அனுமதித்தவர்கள். அனுமதி கொடுப்பது தங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டிலும் அவர்கள் வாதம்.

இன்னொரு கிளையும் இருந்தது. 2003-ல் க்ளியர் சேனல் என்ற அமெரிக்க வானொலி, கச்சேரி நிறுவனம் பாஸ்டனில் 'இன்ஸ்டன்ட் லைவ்' என்று தொடங்கி, கச்சேரி முடிந்த சில நிமிடங்களில் வாசலிலேயே சிடி விற்றது. குழு பிற்பாதியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே முற்பாதி வரிசை வரிசையான பர்னர்களில் (சிடி எழுதும் கருவிகள்) பிரதியாகிக்கொண்டிருக்கும். அந்த முறைக்கு ஒரு காப்புரிமை 2003 செப்டம்பரில் வழங்கப்பட்டிருந்தது. அதை க்ளியர் சேனல் வாங்கி, கச்சேரி நடக்கும்போதே பாட்டுகளைப் பிரித்து உடனே சிடி எழுதி விற்கும் எவரும் தனக்கு உரிமம் பெற வேண்டும் என்றது. டிஸ்க்லைவ் என்ற போட்டி நிறுவனத்தோடு 2004-ல் சுற்றிக்கொண்டிருந்த பிக்ஸீஸ் குழுவுக்கு இதனால் தடங்கல் வந்தது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு அந்தக் காப்புரிமையை எதிர்த்து, அதே மாதிரிக் கருவி முன்பே இருந்ததைக் காட்டியது. 2007-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அதைச் செல்லாததாக்கியது. அதற்குள் வாசலில் சிடி விற்கும் காலமே ஏறக்குறைய முடிந்து டவுன்லோடு முந்திவிட்டது. ஒரு தொழில் வளர வேண்டிய நான்கு ஆண்டுகளை ஒரு காகிதம் தின்றது என்பது என் கருத்து. காப்புரிமை இல்லாவிட்டாலும் வாசல் விற்பனை நிலைத்திருக்குமா என்பது விவாதத்துக்குரியது. நிலைத்திருக்காது என்றே நினைக்கிறேன். பர்னர்களையும் ஆட்களையும் ஊர் ஊராகச் சுமக்கும் செலவு, கோப்பை ஒருமுறை ஏற்றும் செலவோடு போட்டி போட முடியாது.

விற்பனைக்கு வருவது "அப்படியே" வருகிறதா என்று உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஓரிரு நாளில் வரும் பதிவில் யாரையும் ஸ்டூடியோவுக்கு அழைத்து மறுபடி பாட வைக்க நேரமில்லை. இந்த ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். மாதக்கணக்கில் வேலை செய்து வரும் லைவ் ஆல்பங்களில் குரலையும் கிடாரையும் மாற்றிப் பதிப்பது பழைய, பரவலான வழக்கம். பல இரவுகளின் நல்ல பாட்டுகளை ஒட்டி ஒரே இரவு போலக் காட்டுவதும் உண்டு. விரைவாக வரும் பதிவில் பிசகு பிசகாகவே இருக்கும். ஆனால் எல்லாமே ஒரே மாதிரித் தயாராவதில்லை. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2014 ஜனவரியில் கேப் டவுனில் தொடங்கிய சுற்றுப்பயணத்திலிருந்து இப்படி விற்கிறார். அவருடையவை பல டிராக்கிலிருந்து நிதானமாக மிக்ஸ் செய்யப்படுபவை, சில நாட்கள் எடுத்துக்கொண்டு வருபவை. ஒரு குறிப்பிட்ட பதிவில் ஒரு தவறான சுரத்தை மென்பொருளில் திருத்தினார்களா என்று கேட்டால், காதை மட்டும் வைத்து யாரும் நிரூபிக்க முடியாது. நல்ல திருத்தம் கேட்காது. குரலில் கூட்டத்தின் கசிவு ஒரு வரியில் மட்டும் திடீரென மறைந்தால் எனக்குச் சந்தேகம் வரும், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இப்போது, எல்லாரும் ஏன் செய்வதில்லை? முதல் காரணம் வாங்க ஆள் வேண்டும். ஃபிஷ் 2017-ல் அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்தது. 13 இரவிலும் ஒரு பாட்டைக்கூடத் திரும்ப வாசிக்கவில்லை. அப்படிப்பட்ட குழுவின் ஒவ்வோர் இரவும் வேறு பொருள். ஒளியமைப்போடும் முன்பதிவு செய்த டிராக்குகளோடும் பூட்டிய, தினமும் ஒரே வரிசையில் ஒரே நீளத்தில் நடக்கும் கச்சேரியை நாற்பது முறை விற்க முடியாது. இரண்டாவது, ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம். கலைஞர் பதிக்கும் எல்லாமே கம்பெனிக்கு என்ற ஷரத்து பொதுவாக இருக்கும். ஒப்பந்தம் முடிந்தபின்னும் சில ஆண்டுகள் அதே பாட்டுகளை மறுபடி பதிக்கக் கூடாது என்ற ஷரத்தும் சகஜம். பேர்ல் ஜாம் போன்ற செல்வாக்கு உள்ள குழு கம்பெனியைச் சம்மதிக்க வைக்கும். முதல் ஆல்பம் போட்ட குழுவால் முடியாது.

மூன்றாவது, பாட்டின் உரிமை. இது பதிவின் உரிமையிலிருந்து வேறு. அமெரிக்காவில், ஒரு பாட்டு ஒருமுறை உரியவர் அனுமதியோடு வெளியாகிவிட்டால், அதை வேறொருவர் ஒலிப்பதிவாக வெளியிடுவதை எழுதியவர் தடுக்க முடியாது. சட்டம் சொல்லும் தொகையைக் கொடுத்தால் போதும். 2006 முதல் 2022 வரை அது ஒரு பாட்டின் ஒரு பிரதிக்கு 9.1 சென்ட், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் நிமிடத்துக்கு 1.75 சென்ட். 2023-ல் 12 சென்டாக உயர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய விகிதத்தில் 30 பாட்டுக் கச்சேரிக்கு 2 டாலர் 73 சென்ட். மூன்று மணி நேரம் முழுக்க நீண்ட பாட்டுகளாக வாசித்தால் 3 டாலர் 15 சென்ட். 10 டாலர் விலையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இதற்கே போய்விடுகிறது. சொந்தப் பாட்டாக இருந்தால் அந்தக் காசு சுற்றி வந்து தங்கள் பைக்கே வரும். பிறர் பாட்டாக இருந்தால் போயே போய்விடும். அதோடு இந்தச் சலுகை ஒலிக்கு மட்டும். வீடியோவாக விற்க ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அனுமதி வேண்டும், அவர்கள் மறுக்கலாம். பாட்டின் பெயரைச் சரியாக எழுதிவைப்பது ஏன் ரெக்கார்டிங் ஆளின் வேலையில் சேர்ந்தது என்று இப்போது புரியும். பெயர் தப்பினால் பணம் தப்பான ஆளுக்குப் போகும்.

உங்கள் பேண்டுக்கு வருகிறேன். நீங்கள் வாசிப்பது சொந்தப் பாட்டா, சினிமாப் பாட்டா என்று எழுதவில்லை. எல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கச்சேரி நடத்த அமைப்பாளர் எடுக்கும் உரிமம் அன்று மேடையில் பாடுவதற்கு மட்டும். பதித்து விற்பதற்கு அது செல்லாது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 31சி என்ற பிரிவு, 2012 திருத்தத்தில் வந்தது, பிறர் பாட்டை மறுபதிவு செய்ய வழி தருகிறது. ஆனால் நிபந்தனைகள் கடுமை. பாட்டின் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்து, பணமும் முன்பே கட்ட வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான தொகை, நீங்கள் 50 பிரதி விற்றாலும். குறிப்பிட்ட மொழிப் பாட்டுகளுக்கு இந்த எண்ணிக்கையைக் குறைத்து நிர்ணயிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தொழில்நுட்பத் தேவைக்கு மீறி பாட்டை மாற்றவும் கூடாது. மேடையில் பல்லவியை நான்கு முறை சுற்றி நடுவில் கிடார் சோலோ போடும் பேண்டுக்கு அந்த ஒரு நிபந்தனையே வாசலை அடைத்துவிடும். மேடையில் போட்ட அந்த சோலோ "தேவைக்கு மீறிய மாற்றம்" ஆகுமா என்பதில் வழக்கறிஞர்களே வேறு வேறாகச் சொல்லலாம். நான் அதன் மேல் பணம் கட்ட மாட்டேன். சினிமாப் பாட்டு என்றால் உரிமையாளரிடம் நேரடியாக எழுத்து மூலம் கேளுங்கள், அல்லது விடுங்கள்.

இந்த விஷயத்தில் நம்மிடம் மிக வசதியாக இருப்பது கர்நாடகக் கச்சேரிதான், ஆச்சரியமாக யாரும் அதைப் பேசுவதில்லை. தியாகராஜர் 1847-ல் மறைந்தார். நம் சட்டப்படி பாட்டின் உரிமை எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். மும்மூர்த்திகளின் கிருதிகளுக்கு யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. 1973-ல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் ராகமும் நிரவலும் வேறு, மேடைச் சத்தம் குறைவு, மைக்குகள் பத்துக்குள். மறுநாள் டவுன்லோடுக்கு இதைவிடத் தோதான இசை உலகில் குறைவு. ஒலி வேலைக்காரனாக எனக்கு இதில் உண்மையான ஆசை இருக்கிறது.

அங்கும் உங்களுக்கும் பொருந்துவது ஒன்று உண்டு. சட்டத்தின் 38-ஆம் பிரிவும் 2012-ல் சேர்ந்த 38ஏ-வும் வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் தன் வாசிப்பின் மேல் உரிமை தருகின்றன, 50 ஆண்டுகளுக்கு. பாடகர் சம்மதித்தால் போதாது. மிருதங்கம், வயலின், உங்கள் குழுவில் அன்று மட்டும் வந்து உட்கார்ந்த டிரம்மர், எல்லாருடைய சம்மதமும் வேண்டும். அமெரிக்காவிலும் 1994 முதல் கலைஞர் சம்மதமில்லாமல் லாப நோக்கில் கச்சேரியைப் பதிப்பதே குற்றத்துக்கு இடமாகும். ஒரு பக்கத் தாளில் யார் வாசித்தது, எந்தப் பதிவு, எங்கே விற்கப் போகிறோம், வருமானம் எப்படிப் பிரியும், பிடிக்காத பாட்டை நீக்கச் சொல்லும் உரிமை யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதி, கச்சேரிக்கு முன் கையெழுத்து வாங்குங்கள். கடைசி இரண்டும் மிக முக்கியம். நன்றாக வாசிக்காத இரவுக்குப் பிறகு எவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

சொந்தப் பாட்டு வாசிப்பவர்களாக இருந்து, கம்பெனி ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் தாராளமாகச் செய்யுங்கள். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ஏற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. இப்போது 16 அல்லது 32 சேனலை யு.எஸ்.பி வழியாக லேப்டாப்பில் பதிக்கும் சிறிய டிஜிட்டல் மிக்ஸர்கள் வாடகைக்கே கிடைக்கின்றன. அதோடு தனியாக ஒரு கைரெக்கார்டரை ஹாலில் வைத்துக் கூட்டத்தைப் பதியுங்கள். இரண்டும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடுவதால் ஒரு மணி நேரத்தில் சிறிது சிறிதாக விலகிப்போகும். ஆகவே ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் தனியாகப் பொருத்துங்கள். முதல் மூன்று நான்கு கச்சேரிகளை விற்காமல் பதித்து மட்டும் பாருங்கள், அந்த நேரத்தில் டெம்ப்ளேட் உருவாகிவிடும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று என்னால் ஊகிக்க முடியாது, எனவே முதல் ஆண்டு அதை வருமானமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்தக் கச்சேரியின் கோப்பை இலவசமாகக் கொடுப்பதையும் யோசியுங்கள். ஃபிஷ் டிக்கெட்டோடு எம்.பி.3-ஐக் கொடுத்திருக்கிறது. உங்கள் பாட்டுகள் எவை, எத்தனை பேர் மேடையில், ஹாலின் அளவு என்ன என்று எழுதினால் மைக் வரிசையையும் ஒரு மாதிரிச் சம்மதத் தாளையும் தருகிறேன்.